மருந்துச் சீட்டு இல்லாமல் மருந்தாளுநரே மருந்து கொடுக்கும் சட்டங்கள்: எதுவரை சரி?

நிலாமுகில்:

வணக்கம் நண்பர்களே. மருத்துவரின் சீட்டு இல்லாமலேயே சில மருந்துகளை மருந்தாளுநர் கொடுக்கலாம் என்று ஒவ்வொரு நாடாகச் சட்டம் கொண்டுவருகிறது. கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணம் 2007-லேயே தொடங்கிவிட்டது. ஒன்டாரியோ 2023 ஜனவரியில் 13 சிறு உபாதைகளுக்கு அனுமதி கொடுத்தது. இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 முதல் 'பார்மசி ஃபர்ஸ்ட்' திட்டத்தில் ஏழு நோய்களுக்கு, ஆன்டிபயாட்டிக் உட்பட, மருந்துக்கடையிலேயே சிகிச்சை பெறலாம்.

என் அம்மாவுக்குச் சுகரும் பிரஷரும் உண்டு. பல வருடங்களாக அதே மாத்திரைகள்தான். ஆனாலும் சீட்டின் காலம் முடிந்துவிட்டால் ஒரு கையெழுத்துக்காக அரை நாள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அவருக்கு நடப்பதே சிரமம். அந்த வகையில் இப்படி ஒரு சட்டம் எல்லா இடத்திலும் வந்தால் நல்லது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் ஆன்டிபயாட்டிக்கையும் அதே வழியில் கொடுப்பது சரியா? அங்கேதான் குழப்பம். இந்தத் துறையில் இருப்பவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

கார்முகில்:

நான் எதிர்க்கிறேன். காரணம் ஒன்றே ஒன்றுதான். மருந்தை விற்று லாபம் பார்ப்பவர் கையிலேயே, அந்த மருந்து தேவையா என்று முடிவு செய்யும் அதிகாரத்தையும் கொடுக்கக் கூடாது. இது இன்றைக்கு நேற்று வந்த யோசனை இல்லை. 13-ஆம் நூற்றாண்டிலேயே சிசிலியை ஆண்ட இரண்டாம் பிரடெரிக் மருத்துவர்களும் மருந்து தயாரிப்பவர்களும் கூட்டு வியாபாரம் செய்யக் கூடாது என்று சட்டம் போட்டார். தென் கொரியா 2000-ஆம் ஆண்டில்தான் இரண்டையும் பிரித்தது. அதுவரை அங்கே மருத்துவரும் மருந்து விற்றார், மருந்தாளுநரும் வைத்தியம் பார்த்தார். பிரித்தபோது மருத்துவர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். அவ்வளவு பாடுபட்டுப் பிரித்ததை மறுபடி ஏன் ஒட்டவைக்க வேண்டும்?

மருந்தறை:

நான் மருந்தாளுநர். மருத்துவமனையிலும் வேலை பார்த்திருக்கிறேன், கடையிலும் நின்றிருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'சீட்டு இல்லாமல் மருந்து' என்று பேசும்போது நாலு தனித்தனி விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். அதனால்தான் விவாதம் திசைமாறிப் போகிறது.

நிலாமுகில் சொன்ன அம்மாவின் கதை அவசர வழங்கல். ஏற்கெனவே மருத்துவர் எழுதியது, நோயாளி சாப்பிட்டுக்கொண்டிருப்பது, சீட்டு மட்டும் இல்லை. இங்கே புதிதாக நோய் கண்டறிய வேண்டிய வேலையே கிடையாது. பிரிட்டனின் 2012-ஆம் ஆண்டு மருந்து விதிகள் இதை அனுமதிக்கின்றன. மருந்தாளுநர் நோயாளியிடம் பேசி விசாரிக்க வேண்டும், உடனடித் தேவை இருக்க வேண்டும், முன்பு ஒரு மருத்துவர் அதை எழுதியிருக்க வேண்டும். பெரும்பாலான மருந்துகளை 30 நாள் வரைக்கும் கொடுக்கலாம். போதைப்பொருள் கட்டுப்பாட்டில் இருக்கும் மருந்துகளுக்கு இது பொருந்தாது, சிலவற்றுக்கு மட்டும் 5 நாள் வரை. கொடுத்ததையும் கொடுத்த காரணத்தையும் பதிவேட்டில் எழுதியாக வேண்டும்.

இந்த வழி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் சாட்சி. கெவின் ஹௌடஷெல் என்பவருக்கு 36 வயது, இன்சுலின் போட்டுக்கொள்பவர். புத்தாண்டு விடுமுறை நேரத்தில் இன்சுலின் வாங்கப் போனார். சீட்டு காலாவதியாகிவிட்டது. மருத்துவரைத் தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை. 2014 ஜனவரியில் இறந்துபோனார். அப்போதும் அங்கே அவசரத்துக்கு மூன்று நாள் மருந்து கொடுக்கலாம் என்று ஒரு விதி இருந்தது. ஆனால் இன்சுலின் குப்பியை மூன்று நாளுக்கு மட்டும் எப்படிப் பிரித்துக் கொடுப்பது? மாத்திரையை மனதில் வைத்து எழுதிய விதி இன்சுலினுக்கு உதவவில்லை. குடும்பத்தார் விடாமல் போராடி 2015 இறுதியில் சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். அவர் பெயரிலேயே 'கெவின் சட்டம்' என்கிறார்கள். பிறகு பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. இந்த வகையை எதிர்ப்பவர்கள் யாராவது இருந்தால், இன்சுலின் தீர்ந்துபோன ஒருவரிடம் "மூன்று நாள் கழித்து வாருங்கள்" என்று எப்படிச் சொல்வது என்பதை எனக்கு விளக்க வேண்டும்.

அடுத்தது, ஒரு மருந்தையே சீட்டுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது. பிரிட்டன் 2005-ல் குளோராம்பெனிகால் கண் சொட்டு மருந்தையும், 2021-ல் டெசோஜெஸ்ட்ரல் கருத்தடை மாத்திரையையும் அப்படி மாற்றியது. மருந்தாளுநர் விசாரித்துவிட்டுக் கொடுப்பார்.

மூன்றாவதுதான் பார்மசி ஃபர்ஸ்ட் மாதிரி. நோயின் பெயர், வயது வரம்பு, கேட்க வேண்டிய கேள்விகள், கொடுக்க வேண்டிய மருந்து, எத்தனை நாள் என்று எல்லாமே முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்ட நெறிமுறை. அதைத் தாண்டி ஒரு மாத்திரைகூடக் கொடுக்க முடியாது. கடைசியாக, கூடுதல் படிப்பு முடித்த மருந்தாளுநர் தன் பொறுப்பில் மருந்து எழுதுவது. பிரிட்டனில் 2006-லிருந்து இருக்கிறது, ஆல்பர்ட்டாவிலும் உண்டு.

கார்முகில் அண்ணா, உங்கள் கேள்வி கடைசி இரண்டுக்குத்தான் பொருந்தும். நியாயமான கேள்வி. அதற்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன்.

ஆதிரை:

பெண்கள் பக்கத்திலிருந்தும் ஒரு வார்த்தை. யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்தவர்களுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும். அது வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வரும் போலிருக்கிறது! மருத்துவமனைக்குப் போனால் அவசரப் பிரிவில் நெஞ்சுவலிக்காரர்களோடு உட்கார வேண்டும், போகாவிட்டால் திங்கட்கிழமை வரை பாத்ரூமே கதி.

இந்த அனுமதி இருக்கும் ஊரில் வசித்தபோது ஒருமுறை மருந்துக்கடைக்கே போனேன். அங்கே இருந்த பெண் கவுன்ட்டரில் வைத்துப் பேசவில்லை. பக்கத்துச் சின்ன அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். ஒவ்வொன்றாகக் கேட்டார். போகும்போது எரிகிறதா, இரவில் புதிதாக எழுந்திருக்க வேண்டியிருக்கிறதா, கலங்கலாக இருக்கிறதா. விலாவுக்குக் கீழே முதுகில் வலி உண்டா, குளிர் நடுக்கம் வந்ததா, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா, கடந்த ஆறு மாதத்தில் இது எத்தனையாவது முறை. அப்புறம் வேறு என்னென்ன மருந்து சாப்பிடுகிறேன், சிறுநீரகத்தில் ஏதாவது பிரச்சினை சொல்லியிருக்கிறார்களா என்று. எல்லாம் எழுதிக்கொண்டு, மூன்று நாள் மாத்திரை கொடுத்தார். இரண்டு நாளில் குறையவில்லை என்றால் அல்லது காய்ச்சல் வந்தால் கட்டாயம் மருத்துவரிடம் போக வேண்டும் என்று தாளில் எழுதியும் கொடுத்தார்.

உண்மையைச் சொல்கிறேன், அதற்கு முன்பு ஒரு கிளினிக்கில் இதே பிரச்சினைக்குப் போனபோது இதில் பாதிக் கேள்விகூட யாரும் கேட்கவில்லை.

கார்முகில்:

ஆதிரை, உங்களுக்கு நல்லபடியாக நடந்ததில் மகிழ்ச்சி. ஆனால் ஒரு நல்ல மருந்தாளுநரை வைத்துச் சட்டம் எழுத முடியாது. அவசரத்தில் இருக்கும், விற்பனை இலக்கு தலைக்கு மேல் தொங்கும் மருந்தாளுநரையும் மனதில் வைத்துத்தான் எழுத வேண்டும்.

மருந்தறை, அவசர வழங்கலை நான் எதிர்க்கவில்லை. கெவின் விஷயத்தைப் படித்ததும் மனசு கனத்தது. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

டாக்டர் வெண்பா:

பொது மருத்துவராக என் கருத்து. மருத்துவர்கள் எதிர்ப்பது வருமானம் போய்விடும் என்றுதான் என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. சிலருக்கு அதுவும் இருக்கலாம். ஆனால் என் கவலை வேறு.

நோயாளி வந்து சொல்வது அறிகுறியை. நோய் அதற்குப் பின்னால் இருக்கிறது. சிறுநீரில் ரத்தம் வந்து, எரிச்சலே இல்லாத ஐம்பது வயதுக்காரரை "இன்ஃபெக்‌ஷன்தான்" என்று நினைத்து மாத்திரை கொடுத்து அனுப்பினால், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் தப்பிப் போகலாம். அக்கி உடம்பில் வந்தால் ஒன்று, கண்ணுக்குப் பக்கத்திலோ மூக்கு நுனியிலோ வந்தால் முற்றிலும் வேறு. அன்றைக்கே கண் மருத்துவர் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பார்வைக்கே ஆபத்து. நெஞ்செரிச்சல் என்று வாரக்கணக்கில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுபவர் உடல் இளைத்துக்கொண்டே வருகிறாரா என்று கவுன்ட்டரில் யார் கவனிப்பார்கள்?

இவற்றை இங்கிலாந்துத் திட்டம் ஓரளவு முன்கூட்டியே யோசித்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சிறுநீர்த் தொற்றுக்கு 16 முதல் 64 வயது வரையுள்ள பெண்கள் மட்டும், கர்ப்பிணிகள் கிடையாது, அடிக்கடி வருபவர்கள் கிடையாது, ஆண்கள் கிடையாது. இந்தக் கோடுகள் ஏதோ தோன்றியபடி போட்டவை இல்லை. அந்தக் கோட்டைத் தாண்டினால் நோயே வேறாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது.

தொண்டை வலியையும் பாருங்கள். அங்கே ஐந்து விஷயத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண்: கடந்த 24 மணி நேரத்தில் காய்ச்சல், தொண்டையில் சீழ், வலி தொடங்கி மூன்று நாளுக்குள் வந்திருப்பது, டான்சில் கடுமையாக வீங்கியிருப்பது, இருமலும் சளியும் இல்லாதது. நாலோ ஐந்தோ வந்தால்தான் ஆன்டிபயாட்டிக் பற்றிய பேச்சே. ஒன்று, பூஜ்யம் வந்தால் வலி மாத்திரையும் ஆறுதலும்தான். நேர்மையாகச் சொன்னால், மருத்துவர்கள் எல்லோரும் ஒவ்வொரு தொண்டை வலிக்கும் இப்படிக் கணக்குப் போடுவதில்லை.

ஆக நெறிமுறைக்குள் நின்றால் எனக்குச் சம்மதம். ஆனால் இன்று ஏழு, நாளை பதினேழு என்று பட்டியல் நீளும்போது நெறிமுறை எழுதுவதற்கே தோதில்லாத நோய்களும் உள்ளே வந்துவிடும். தலைச்சுற்றலுக்கு யார் நெறிமுறை எழுத முடியும்?

செங்கதிர்:

ஆதாரம் பக்கமும் கொஞ்சம் பேசுவோம். ஆல்பர்ட்டாவில் மருந்தாளுநர்கள் பிரஷர் நோயாளிகளுக்குத் தாங்களே மருந்து எழுதி, மாற்றி, தொடர்ந்து பார்த்துக்கொண்ட ஓர் ஆய்வு 2015-ல் வெளிவந்தது. 248 பேர். ஆறு மாதத்தில் அவர்கள் கவனித்த குழுவில் மேல் அழுத்தம் சராசரியாக 18.3 புள்ளி குறைந்தது, வழக்கமான கவனிப்பில் 11.8. லாஸ் ஏஞ்சலிஸில் முடிதிருத்தும் கடைகளுக்கே மருந்தாளுநர்கள் போய்க் கறுப்பின ஆண்களுக்குப் பிரஷர் பார்த்து, மருத்துவர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி மருந்து எழுதினார்கள். 2018-ல் முடிவு வந்தது. அங்கே 27 புள்ளி குறைந்தது, ஒப்பீட்டுக் குழுவில் சுமார் 9.

காரணம் எளிது. பிரஷருக்கு நோய் என்ன என்று தெரிந்துவிட்டது. மீதி வேலை அளவை ஏற்றுவது, பக்கவிளைவைக் கேட்பது, மறக்காமல் சாப்பிட வைப்பது. மருந்தாளுநர் இதற்குத்தான் படித்தவர். நிலாமுகில் அம்மா மாதிரி நீண்டகால நோயாளிகளுக்குத்தான் இந்தச் சட்டங்களின் பெரிய பயன் இருக்கிறது என்பது என் எண்ணம். செய்திகளில் எல்லாம் தொண்டை வலியும் யூரினும்தான் அடிபடுகின்றன.

மருந்தறை:

கார்முகில் அண்ணாவுக்குத் தர வேண்டிய பதில் பாக்கி இருக்கிறது.

விற்பவரே முடிவெடுக்கலாமா? விற்றால்தான் காசு என்ற ஏற்பாட்டில், கூடாது. உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். எனவே சட்டத்தில் நான் முதலில் தேடுவது எந்தெந்த மருந்து என்ற பட்டியலை அல்ல. மருந்து கொடுக்காமல் அனுப்பினால் மருந்தாளுநருக்கு ஊதியம் உண்டா என்பதைத்தான்.

பார்மசி ஃபர்ஸ்டில் நெறிமுறைக்குள் வரும் ஒவ்வொரு ஆலோசனைக்கும் 15 பவுண்டு என்று தொடங்கினார்கள். மருந்து கொடுத்தாலும் அதே தொகை, கொடுக்காமல் ஆலோசனை மட்டும் சொல்லி அனுப்பினாலும் அதே தொகை. மருந்தின் விலை தனிக் கணக்கு. ஒன்டாரியோவிலும் ஆலோசனைக்கென்றே கட்டணம் இருக்கிறது. இந்த ஒரு வரி இல்லாத சட்டத்தை எந்த நாடு கொண்டுவந்தாலும் நான் ஆதரிக்க மாட்டேன்.

கடையில் நின்றவருக்குத்தான் இதன் கனம் தெரியும். காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் வந்து நிற்பார். "போன தடவை கொடுத்த அதே ஆன்டிபயாட்டிக்கைக் கொடுங்கள்" என்பார். பார்த்தால் மூக்கு ஒழுகுகிறது, இருமுகிறது, குழந்தை தண்ணீர் குடிக்கிறது, சிரிக்கிறது. வைரஸ் சளி. ஆன்டிபயாட்டிக்கால் ஒரு பயனும் இல்லை, வயிற்றுப்போக்குதான் மிச்சம். இதைப் புரியவைக்கப் பத்து நிமிடம் பிடிக்கும். மருந்தை எடுத்துக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்துக்கு மதிப்பு இல்லாத இடத்தில் நல்ல மனசு மட்டும் எத்தனை நாள் தாங்கும்?

கொரியாவைச் சொன்னீர்கள். அங்கே பிரித்த பிறகு வைரஸ் நோய்களுக்கு எழுதப்பட்ட ஆன்டிபயாட்டிக் ஓரளவு குறைந்தது. விற்பனை லாபம் முடிவெடுப்பவரை விட்டு விலகியதால் குறைந்தது. அங்கே அந்த லாபத்துக்கு ஆட்பட்டவர்களில் மருத்துவர்களும் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. யார் கையில் பேனா இருக்கிறது என்பதைவிட, எதற்குக் காசு கிடைக்கிறது என்பதுதான் முக்கியம்.

இரண்டாவது, நோயாளியின் பதிவு. ஆதிரையிடம் சிறுநீரகத்தைப் பற்றி அந்தப் பெண் ஏன் கேட்டார் தெரியுமா? மூன்று நாள் கொடுக்கப்படும் நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீரகம் சரியாக வடிகட்டாதவர்களுக்கு வேலையும் செய்யாது, கெடுதலும் செய்யும். அதற்குப் பதிலாக டிரைமெத்தோபிரிம் கொடுத்தால், மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவருக்கு ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சில பிரஷர் மாத்திரைகளோடு சேர்ந்தால் பொட்டாசியம் ஏறும். மெத்தோட்ரெக்சேட் மாதிரி வாரத்துக்கு ஒருமுறை மட்டும் சாப்பிடும் மாத்திரையைக் கேட்டதும் சொல்ல நிறையப் பேருக்கு நினைவு வருவதில்லை. ரத்தப் பரிசோதனை முடிவும் மருந்துப் பட்டியலும் என் கண் முன்னால் இல்லாமல் அதிகாரத்தை மட்டும் கையில் கொடுத்தால், கண்ணைக் கட்டிவிட்டு வண்டி ஓட்டச் சொல்வது போலத்தான்.

அமெரிக்காவில் 2022 ஜூலையில் கோவிட் மருந்து பாக்ஸ்லோவிடை மருந்தாளுநர் எழுதலாம் என்று அனுமதித்தபோது இதைச் சரியாகப் பிடித்தார்கள். சிறுநீரகம், கல்லீரல் நிலையைக் காட்டும் ஓராண்டுக்குள்ளான பதிவு வேண்டும், சாப்பிடும் மருந்துகளின் முழு விவரம் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் அனுப்பிவிட வேண்டும். ஆனால் பல கடைகளில் அந்தப் பதிவைப் பார்க்கும் வசதியே இல்லை. அனுமதி வந்தது, பயன்படுத்த வழி இல்லை.

டாக்டர் வெண்பா:

இதைத்தான் நானும் எதிர்பார்த்தேன். அதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுத்த விவரம் என்னிடமும் வந்து சேர வேண்டும். ஒருவர் மூன்று கடையில் மூன்று முறை சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து வாங்கினால், ஒவ்வொரு கடைக்கும் அது முதல் முறைதான். மூன்றும் ஒரே இடத்தில் பதிவானால்தான் "இது அடிக்கடி வருகிறதே, ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம்" என்று யாருக்காவது தோன்றும்.

கார்முகில்:

கட்டண விஷயம் எனக்குப் புதிது. யோசிக்க வைக்கிறது. இருந்தாலும் ஆலோசனைக்குக் காசு என்றால் தேவையில்லாத ஆலோசனைகளைப் பெருக்க மாட்டார்களா? சங்கிலிக் கடை முதலாளி "நாளைக்கு இத்தனை ஆலோசனை காட்டு" என்று இலக்கு வைத்தால்?

மருந்தறை:

வைப்பார்கள், அந்த ஆபத்து உண்டு. அதனால் யாருக்குக் கொடுத்தோம் என்பதோடு யாருக்கு மறுத்தோம், யாரை அனுப்பிவைத்தோம் என்பதையும் தணிக்கை செய்ய வேண்டும். வந்தவர்கள் அத்தனை பேருக்கும் ஆன்டிபயாட்டிக் போயிருக்கும் கடை பதிவேட்டிலேயே தனியாகத் தெரிந்துவிடும். மறுத்ததற்காக ஒரு மருந்தாளுநரை வேலையை விட்டு அனுப்ப முடியாது என்ற பாதுகாப்பும் வேண்டும். பேசுவதற்குத் தனி அறையும், பேசிக்கொண்டிருக்கும்போது கவுன்ட்டரைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆளும் வேண்டும். ஒற்றை ஆளாக நிற்கும் மருந்தாளுநர் காதுக்குள் ஓட்டோஸ்கோப் வைத்துப் பார்க்கும்போது, வெளியே வரிசையில் நிற்பவரின் மாத்திரையை யார் சரிபார்ப்பது?

செங்கதிர்:

அனுமதியைத் திரும்பப் பெற்ற நாடுகளும் உண்டு என்பதைப் பதிவு செய்கிறேன். ஆஸ்திரேலியா 2018 பிப்ரவரி 1 முதல் ஓபியாய்டு, அதாவது அபின் வகை வலி மருந்தான கோடீன் கலந்த எல்லா மாத்திரைகளுக்கும் சீட்டுக் கட்டாயம் என்று மாற்றியது. பிரிட்டன் 2024-ல் கோடீன் இருமல் மருந்தைச் சீட்டுப் பட்டியலுக்குத் திருப்பி அனுப்பியது. மருந்தாளுநர் கண்ணெதிரில் விற்றும் அடிமையாவது நிற்கவில்லை. அதே சமயம் அளவு மீறிய ஓபியாய்டு மயக்கத்தை முறிக்கும் நலோக்சோன் மூக்கு ஸ்ப்ரேயை அமெரிக்கா 2023-ல் சீட்டே வேண்டாம் என்று திறந்துவிட்டது. எனவே "விடுவதா, இறுக்குவதா" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. மருந்துக்கு மருந்து பதில் மாறும்.

ஆதிரை:

கருத்தடை மாத்திரையையும் விட்டுவிடாதீர்கள். ஒரேகான் 2016-ல் மருந்தாளுநரே எழுதிக் கொடுக்கலாம் என்றது, கலிஃபோர்னியாவும் அதே ஆண்டில் நடைமுறைப்படுத்தியது. கேள்வித்தாள் ஒன்றை நிரப்ப வேண்டும், பிரஷர் பார்க்க வேண்டும். ஒற்றைத் தலைவலியோடு கண்ணில் மின்னல் தெரிகிறதா, முப்பத்தைந்து வயதுக்கு மேல் புகைபிடிக்கிறீர்களா என்பதெல்லாம் அதில் வரும். தாமதமானால் விலை கொடுப்பது பெண்தான். சீட்டு வாங்கப் போக அனுமதி கேட்க வேண்டிய நிலையில் இருக்கும் பெண்களும் இருக்கிறார்கள்.

டாக்டர் வெண்பா:

முழுக்க ஒத்துக்கொள்கிறேன், ஆதிரை. அந்தக் கேள்வித்தாளும் பிரஷர் அளவும் இருந்தால் போதும், அதற்கு மேல் நான் செய்யப்போவதும் பெரிதாக ஒன்றுமில்லை.

நிலாமுகில்:

எல்லோருக்கும் நன்றி. எனக்கு இப்போது தெளிவாகிவிட்டது. அவசர வழங்கலும் நீண்டகால நோய்க்கான தொடர் மருந்தும் வர வேண்டும் என்று எங்கே கேட்டாலும் சொல்வேன். ஆன்டிபயாட்டிக் விஷயத்தில் மறுப்பதற்கும் ஊதியம், பதிவைப் பார்க்கும் வசதி, இரண்டும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் ஆதரவு.

மருந்தறை, கடைசியாக ஒன்று. இப்படிச் சட்டம் இருக்கும் இடத்தில் அம்மாவின் மாத்திரை தீர்ந்துபோனால், மருந்தாளுநரிடம் போகும்போது எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

மருந்தறை:

பழைய சீட்டு, காலாவதியானாலும் பரவாயில்லை. காலி அட்டை அல்லது டப்பா, அதில் மருந்தின் பெயரோடு மில்லிகிராம் அளவும் தெரிய வேண்டும். 500-க்கும் 850-க்கும் அட்டை ஒரே மாதிரி இருக்கும், பெயரை மட்டும் சொன்னால் போதாது. கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதைக் கேட்டு வையுங்கள். சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் என்றால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையின் கடைசி முடிவும் தேவை, அதில் தேதி இருக்க வேண்டும். வேறு மருத்துவர் கொடுத்தது, கடையில் தானாக வாங்கியது, மூலிகை மருந்து எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, போட்டோவாக போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா நேரில் வர முடியாவிட்டால் நீங்கள் போகலாம், ஆனால் மருந்தாளுநர் அவரோடு போனில் பேச வேண்டும் என்று கேட்பார். தலைசுற்றுகிறதா, கால் வீங்குகிறதா, வீட்டில் பார்த்த பிரஷரும் சுகரும் எவ்வளவு என்றெல்லாம் கேட்பார். அவர் திருப்தி அடையாமல் மருத்துவரைப் பார்க்கச் சொன்னால், அன்றைக்கே போய்ப் பார்த்துவிடுங்கள்.